மேடைப் பேச்சால் தொட்டில் ஆடாது

நாடாளுமன்றத் தொகுதிகளை மக்கள்தொகைப்படி மறுவரையறை செய்யும் பேச்சு சூடு பிடித்ததிலிருந்து, சீக்கிரம் பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்று மணமக்களுக்கு மேடையிலிருந்தே புத்திமதி வருகிறது. தமிழகத்தில் மு.க.ஸ்டாலின் இப்படிப் பேசினார். ஆந்திராவில் சந்திரபாபு நாயுடுவும் அதிகம் பிள்ளை பெறச் சொன்னார். மக்கள்தொகையைக் கட்டுக்குள் வைத்த மாநிலத்தின் குரல் அதனாலேயே நாடாளுமன்றத்தில் தேய்வது அநீதிதான். அந்தக் கணக்கை டில்லியில் அரசியலால் தீர்க்க வேண்டும். பெண்கள் தலையில் கட்டக் கூடாது. கட்டினாலும் பலிக்காது.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகள் பீகாரில் 3, தமிழகத்தில் 1.8. மக்கள்தொகை நிலையாக இருக்க 2.1 வேண்டும். இந்த வித்தியாசத்துக்குக் காரணமும் அதே ஆய்வில் கிடைக்கிறது. பத்தாண்டுகளாவது பள்ளி சென்ற பெண்கள் தமிழகத்தில் நூற்றுக்கு 57 பேர், பீகாரில் 29 பேர். 20-24 வயதுப் பெண்களில் 18 நிறையுமுன் மணமானவர்கள் இங்கே 13 சதவீதம், அங்கே 41. ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவை இங்கே 19, அங்கே 47. பிள்ளை தங்குமா என்ற பயம் உள்ள வீட்டில் ஒன்றுக்கு இரண்டாகப் பெறத்தான் செய்வார்கள். அரசின் பிரசாரம்தானே பிறப்பைக் குறைத்தது என்று கேட்கலாம். குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணமும் 'நாம் இருவர், நமக்கு இருவர்' வாசகமும் பீகார் சுவர்களிலும்தான் இருந்தன. பள்ளியும் செவிலியரும் போய்ச் சேர்ந்த இடத்தில்தான் அவை எடுபட்டன.

முதியவர்கள் பெருகுகிறார்களே, நாளை உழைக்க யார் இருப்பார்கள் என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஆனால் பிறப்பைக் கூட்டப் பணத்தைக் கொட்டிய தென்கொரியாவிலேயே 2023இல் ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகள் 0.72தான். இன்று பிறக்கும் குழந்தை வேலைக்கு வர இருபது ஆண்டுகளாகும். முதியோர் ஓய்வூதியம் அதுவரை காத்திருக்காது. இங்கோ எல்கேஜி கட்டணத்தைக் கேட்டதுமே இரண்டாவது பிள்ளை பற்றிய பேச்சு அடங்கிவிடுகிறது. வேலையை விடுபவளும் பெரும்பாலும் தாய்தான். மகப்பேறு பயன் சட்டம் 2017இல் திருத்தப்பட்டதிலிருந்து முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் விடுப்பு உண்டு. மூன்றாவதுக்கு 12 வாரம்தான். குழந்தைக் காப்பகம் கட்டாயம் என்பதும் 50 பேருக்குக் குறையாத நிறுவனங்களுக்கு மட்டும். தனியார் துறையில் தந்தைக்கு விடுப்பு தரச் சட்டமே இல்லை. பிள்ளை பெறச் சொல்லும் தலைவர்கள் முதலில் அந்த 12 வாரத்தை 26 ஆக்கச் சொல்லி டில்லியில் குரல் கொடுக்கட்டும்.