ஓடாத வண்டியும் ஓயாத எண்களும்

கிளிநொச்சியிலே என் வீட்டு விறாந்தையில் ஓடாத வண்டி ஒன்று நிற்கின்றது. நெஞ்சு நோவுக்கு மருந்தெடுத்து வந்தபின், நாள்தோறும் அரைமணி நேரம் உடற்பயிற்சி செய்யுமாறு வைத்தியர் பணித்தார். அதனை அறிந்த மகன் கனடாவிலிருந்து பணம் அனுப்பி இதனை வாங்குவித்தான். நம் நாட்டுப் பாடநூல்களிலே சைக்கிளுக்குத் துவிச்சக்கர வண்டி என்று பெயர். இதற்கோ உள்ளே சுழலும் சக்கரம் ஒன்றே. அதுவும் நிலத்தைத் தொடுவதில்லை. என்ன பெயரிட்டு அழைப்பதென்று ஒரு கிழமை மயங்கினேன். வீட்டார் 'அப்பாவின் சைக்கிள்' என்று கூறி மயக்கத்தைத் தீர்த்துவிட்டனர்.

நின்ற இடத்தில் நின்று மிதித்தல் வன்னி மக்களுக்குப் புதிதன்று. 1990களில் பொருளாதாரத் தடை இறுகியிருந்த காலத்தில் எமக்கு மின்சாரமில்லை, பற்றரியும் கிடைப்பதரிது. சைக்கிளைத் தாங்கியில் நிறுத்தி ஒருவர் மிதிப்பார். டைனமோவிலிருந்து இழுத்த கம்பி வானொலியைப் பேசுவிக்கும். சூழ்ந்திருப்போர் செவி சாய்த்திருப்பர். மிதிப்பவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தேயும். இளைஞனாயிருந்த நானும் பலமுறை மிதித்திருக்கிறேன். அன்று எம் நாடித்துடிப்பை எவரும் எண்ணவில்லை.

இன்றைய வண்டியோ மிதிப்பவனைப் பற்றியே செய்தி வாசிக்கின்றது. நேரம், வேகம், தூரம், எரிந்த கலோரி, இதயத்துடிப்பு என எண்கள் திரையில் ஓயாது மாறுகின்றன. இவற்றுள் ஐயமற்றது நேரம் ஒன்றே. தூரமென்பது சக்கரம் சுழன்ற தடவையை ஒரு நிலையான எண்ணாற் பெருக்கிய கணக்கு. கலோரிக் கணக்கைச் சொல்லும் என் வண்டி, ஏறியிருப்பவரின் நிறையை ஒருபோதும் கேட்டதில்லை. எனக்கும் பத்தாம் வகுப்பு ஒல்லிப் பையனுக்கும் அது ஒரே கணக்கையே சொல்லும். கைபிடியிலுள்ள உலோகத் தகடுகள் இதயத்தின் மெல்லிய மின் அசைவை இரு உள்ளங்கைகளின் வழியாக வாங்கி எண்ணுகின்றன. பிடி தளர்ந்தாலும் கை உலர்ந்தாலும் எண் தடுமாறும். மார்பிற் கட்டும் பட்டி இவற்றினும் நம்பத்தக்கது.

வண்டியுடன் வந்த கையேட்டில் ஓர் அட்டவணை இருந்தது. 220 இலிருந்து வயதைக் கழித்தால் இதயத்தின் உச்சத் துடிப்பு வருமாம். எனக்கு வயது 56, ஆகவே 164. அதில் நூற்றுக்கு 70 பங்கு ஏறக்குறைய 115. அதுவே நான் எட்டவேண்டிய இலக்கு. என் திரையோ 96 இல் நின்றது. முப்பது ஆண்டு புள்ளியிட்டுப் பழகியவன், குறைந்த புள்ளியை எங்ஙனம் பொறுப்பேன்? திருகியை இறுக்கினேன், விரைந்து மிதித்தேன். மூன்றாம் நாள் கண் இருண்டது. இறங்கிச் சுவரிற் சாய்ந்து அமர்ந்தேன். அதற்குச் சற்று முன் நான் கண்ட எண் 98.

வைத்தியர் கேட்டுக் கடிந்துகொண்டார். நான் உட்கொள்வது பீட்டா தடுப்பி வகை மாத்திரை. இதயத்தை விரையவிடாது அடக்குவதே அதன் தொழில். என் இதயம் 115 ஐ எட்டாதது குற்றமன்று; மருந்து வேலை செய்வதன் அடையாளம். மருந்துண்ணாதார்க்கும் அந்தச் சூத்திரம் ஒரு சராசரியே. 1971 இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையொன்றிலிருந்து பரவிய அக்கணக்கு, ஒரே வயதினர் இருவர்க்கிடையே 10, 15 துடிப்பு வேறுபடுவதை அறியாது.

திரையை உடைத்தெறிக என்று நான் சொல்லவில்லை. அதே இறுக்கத்தில் அதே நேரம் மிதித்து, மாதங்கள் செல்ல எண் தாழ்ந்தால் உடல் தேறுகின்றது என்று கொள்ளலாம். சித்திரை வெயிலில் அதே மிதிக்கு எண் ஏறும்; அன்று தணிந்து மிதித்தல் தகும். என் வழக்கு வேறு. புலம்பெயர்ந்த பிள்ளைகளின் அன்பினால் இவ்வண்டிகள் நம் வீடுகளுக்கும் வருகின்றன. விற்பவர் அட்டவணையைத் தருகின்றார். என்ன மருந்து உண்கிறீர் என்று கேட்பதில்லை. வண்டியில் ஏறுமுன் 'எனக்குரிய எண் எது?' என்று வைத்தியரிடம் நாமே கேட்டறிதல் வேண்டும்.

எண்ணுக்குத் துணையாக உடலையும் கேட்கலாம். சுவீடன் நாட்டு உளவியலறிஞர் குன்னர் போர்க் என்பார், மிதிப்பவன் தன் களைப்பைத் தானே 6 முதல் 20 வரை மதிப்பிடும் அளவுகோலை வகுத்தார். இன்றும் வைத்தியர் அதனைக் கையாள்கின்றனர். நமக்கு இது வியப்பன்று. கண்ணிமைப்பாலும் கைந்நொடியாலும் எழுத்தின் மாத்திரையை அளந்தவர் தொல்காப்பியர். (மருந்துக்கும் அதே பெயர் வாய்த்ததை நினைந்து தனியே நகைத்துக்கொண்டேன்.)

எனக்கு வைத்தியர் சொன்ன வழி எளியது: மிதிக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியாதிருக்கவேண்டும். ஆகவே ஒவ்வொரு காலையும் வெண்பாக்களை ஓதியபடி மிதிக்கிறேன். சீர் முறிந்து மூச்சு இடையிட்டால் திருகியைத் தளர்த்துகிறேன். திரையின் எண்ணை இறுதியில் ஒருமுறை பார்த்து, வைத்தியருக்குக் காட்டவேண்டிக் கொப்பியில் எழுதிவைக்கிறேன். ஓதுங்குரல் சற்றே நின்றாலும் அடுக்களையிலிருந்து மனைவி எட்டிப் பார்க்கிறாள்.