தெரிஞ்சவங்க எழுதலைன்னா, தெரியாதவங்க எழுதுவாங்க

1/
வலைப்பூ ஆரம்பிப்பது எப்படி, வளர்ப்பது எப்படின்னு சொல்லித்தர இன்னைக்கு ஏகப்பட்ட பேர் இருக்காங்க. அந்த யோசனைகளில் பாதி, உங்களைப் பொய் எழுத வைக்கும். நான் காரைக்குடிப் பக்கம் ஒரு அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் எம்.பி.பி.எஸ். டாக்டர். எனக்கு இதில் என்ன அக்கறைன்னு கேட்பீங்க. நீளமான இழை இது. பொறுமையா படிங்க.

2/
புதுவயல் பக்கத்தில் இருந்து ஒரு அம்மா. ஐம்பதைத் தாண்டிய வயசு, பத்து வருஷமா சர்க்கரை. மாத்திரையில் அடங்கலைன்னு இன்சுலின் எழுதினேன்.

"இன்சுலின் போட்டா கண்ணு போயிரும்கிறாகளே டாக்டர்?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, போடுங்கம்மா."

அவ்வளவுதான். அடுத்தவர் ஓ.பி. சீட்டை வாங்கிட்டேன். வெளியே வரிசை நீளமா நின்னுச்சு.

3/
நாலு மாசம் கழிச்சு வந்தாங்க. கால் பெருவிரல் கறுத்துப் போயிருந்தது. சர்க்கரை 480. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். விரலை எடுத்துத்தான் காலைக் காப்பாத்த முடிஞ்சது.

மகள் செல்போனைக் காட்டினாங்க. அம்மாவுக்காக இவங்கதான் தமிழில் தேடியிருக்காங்க: "இன்சுலின் கண்ணைப் பாதிக்குமா?" முதலில் வந்த பக்கத்தின் தலைப்பு, 7 நாளில் சர்க்கரைக்கு குட்பை. வெள்ளைக் கோட்டு போட்ட யாரோ ஒருத்தர் படம். எழுதினவர் பேர் இல்லை. தேதி இல்லை. கடைசியில் ஒரு பொடி விற்பனைக்கு.

4/
"படிக்காத ஜனம், எதையும் நம்பும்"னு தயவுசெய்து கமெண்ட் போடாதீங்க. அந்த அம்மா முதலில் டாக்டரிடம்தான் கேட்டாங்க. டாக்டர் காரணம் சொல்லலை. அப்புறம் மகள் முறையா தேடிப் பார்த்தாங்க. தேடின இடத்தில் டாக்டர் யாரும் எழுதி வைக்கலை, பொடி விக்கிறவர் எழுதி வச்சிருந்தார்.

இதில் தப்பு யார் மேல? முதல் பங்கு என் மேல.

5/
அந்தப் பக்கம் எப்படி உருவாகுதுன்னு பார்ப்போம். "வலைப்பூவில் லட்சம் சம்பாதிங்க"ன்னு நடக்கும் வகுப்புகளின் பாடம் இதுதான்:

அதிகம் பேர் தேடுற சொல்லைக் கண்டுபிடி. நாலு பக்கத்தைப் படிச்சு மாத்தி எழுது. பயமுறுத்துற தலைப்பு வை. தினம் ஒண்ணு போடு. விளம்பரம் ஒட்டு.

2018-ல் கூகுள் ஆட்சென்ஸ் தமிழுக்கும் வந்துச்சு. தமிழில் நேர்மையா எழுதுறவங்களுக்கு அது நல்ல செய்திதான். ஆனா ஒரு க்ளிக்குக்குக் காசுன்னு ஆகும்போது, உண்மையை விட பயம் வேகமா விற்கும்.

சர்க்கரை நோயைக் குணமாக்குறேன்னு விளம்பரம் செய்றது 1954-ம் ஆண்டு மாய மருந்துகள் சட்டப்படி குற்றம். சட்டம் வந்து எழுபது வருஷம் ஆச்சு. பொடி விக்கிறவர் இன்னும் எழுதிக்கிட்டுத்தான் இருக்கார்.

6/
என் சக டாக்டர்கள் சொல்ற சாக்கு மூணு.

"நேரம் இல்லை." ஒரே கேள்விக்கு ஒரு நாளைக்கு முப்பது தடவை பதில் சொல்ல நேரம் இருக்கு. ஒரு தடவை ஒழுங்கா எழுதி வச்சா என்ன?

"தமிழில் மருத்துவம் எழுத வராது." 1847-ல் அமெரிக்காவில் இருந்து யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக் கொடுத்தார். உடற்கூறு, அறுவை சிகிச்சை, மகப்பேறு நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். வெளிநாட்டுக்காரருக்கு வந்த தமிழ், இங்கேயே பிறந்து வளர்ந்த நமக்கு வராதா?

"சின்ன ஊரில் இருந்து எழுதினா யார் படிப்பா?" 1920-களில் இதே காரைக்குடியில் இருந்து சொ. முருகப்பா 'குமரன்' நடத்தினார். ராய. சொக்கலிங்கம் 'ஊழியன்' ஆசிரியரா இருந்தார். அச்சுக் கோத்து, தாள் வாங்கி, தபாலில் அனுப்பின காலம் அது. உங்க கையில் இருக்கிற போனுக்கு அந்தச் செலவு எதுவும் கிடையாது.

7/
இது டாக்டருக்கு மட்டும் இல்லை. செவிலியர், மின்பணியாளர், விவசாயி, ரேஷன் கடை ஊழியர், கண்டாங்கி நெய்றவர், பலகாரம் சுட்டு விக்கிற ஆச்சி... உங்க தொழிலில் நீங்கதான் நிபுணர். நீங்க எழுதாம விட்ட இடத்தில் யாரோ ஒருத்தர் காப்பியடிச்சு எழுதிக்கிட்டு இருக்கார். ஆகவே, எப்படித் தொடங்குறது? நான் அடிபட்டுக் கத்துக்கிட்டது இது.

8/
ஒண்ணு: தலைப்பைத் தேடி அலையாதீங்க. உங்ககிட்ட மக்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் பத்துக் கேள்வியை நோட்டில் எழுதுங்க. அதுதான் உங்க முதல் பத்துப் பதிவு.

ரெண்டு: அவங்க கேட்ட வார்த்தையையே தலைப்பா வைங்க. "நீரிழிவு விழித்திரை நோய்"னு யாரும் தேட மாட்டாங்க. "இன்சுலின் போட்டா கண் போயிடுமா"ன்னுதான் தேடுவாங்க.

மூணு: பதிலை முதல் பத்தியிலேயே சொல்லுங்க. உதாரணத்துக்கு, கண்ணைக் கெடுப்பது இன்சுலின் இல்லை. பல வருஷம் கட்டுப்படாத சர்க்கரைதான் விழித்திரையைக் கெடுக்குது. நம்ம ஊரில் இன்சுலினைக் கடைசியிலதான் ஒத்துக்கிறோம். அதுக்குள்ள பலருக்குக் கண் பாதிச்சிருக்கும், பழி ஊசி மேல விழும். வருஷத்துக்கு ஒரு தடவை கண் பரிசோதனை செய்ங்க, ஊசியை நீங்களா நிறுத்தாதீங்க.

இதை அந்த அம்மாவிடம் சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்.

9/
நாலு: பேர், படிப்பு, தேதி மூணும் போடுங்க. நான் எம்.பி.பி.எஸ். தான், இதய நிபுணர் இல்லைன்னு என் பக்கத்தில் போட்டிருக்கேன். தெரியாததை "இதுக்குச் சிறப்பு மருத்துவரைப் பாருங்க"ன்னு விட்டுடுவேன்.

ஐந்து: தப்பு எழுதிட்டா சத்தமில்லாம அழிக்காதீங்க. என்ன தப்பு, எப்போ திருத்தினேன்னு மேலேயே எழுதுங்க. நான் ரெண்டு தடவை திருத்தியிருக்கேன். யாரும் ஓடிப் போகலை.

ஆறு: நோயாளி உங்க கதைப் பொருள் இல்லை. படம், பேர், தெரு எதுவும் வேண்டாம். நோயாளியின் ரகசியம் காக்கணும், விளம்பரம் பண்ணி நோயாளியைப் பிடிக்கக் கூடாதுன்னு மருத்துவர்களுக்கு 2002-ம் ஆண்டு ஒழுக்க விதிகளே இருக்கு. மேலே சொன்ன அம்மாவின் கதையில் கூட அடையாளம் தெரியுற மாதிரி இருந்த விவரங்களை மாத்தித்தான் எழுதியிருக்கேன்.

ஏழு: தினம் எழுத வேண்டாம். மாசம் ரெண்டு போதும். ஆனா ஒரு வருஷம் விடாம எழுதுங்க.

10/
எட்டாவது, ரொம்ப முக்கியம்: சொந்த இடத்தில் எழுதுங்க, பிரதி எடுத்து வைங்க.

ஜியோசிட்டிஸ் 2009-ல் மூடினாங்க. கூகுள் பிளஸ் 2019-ல். 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்குக்கு இங்கே தடை வந்தப்போ, எத்தனையோ பேரோட உழைப்பு ஒரே நாளில் கண்ணுக்கு எட்டாமப் போச்சு. இந்த இழையும் அப்படித்தான். நாளைக்குக் காலையில் கீழே போயிடும், அடுத்த மாசம் தேடினா எனக்கே கிடைக்காது. அதனால இதே விஷயம் என் வலைப்பூவிலும் இருக்கு, ஒரு பிரதி பென் டிரைவிலும் இருக்கு.

பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையான்னு ஒருத்தர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகைன்னு மத்தவங்க குப்பைன்னு நினைச்சதை எல்லாம் சேர்த்தார். 1992-ல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, சென்னையில் நூலகமா வச்சது. தமிழ் அச்சு வரலாறு தேடுறவங்க இன்னைக்கும் அங்கேதான் போறாங்க. நீங்க எழுதுறதைச் சேர்த்து வைக்க இன்னொரு முத்தையா வருவார்னு காத்திருக்காதீங்க. நீங்களே வைங்க.

11/
வளர்ப்பது எப்படி? என் முதல் பதிவை முதல் வாரம் படிச்சது 11 பேர். அதில் ஒருத்தர் என் மனைவி.

நான் எந்த வித்தையும் செய்யலை. ஓ.பி.யில் யாராவது இன்சுலின் வேண்டாம்னா, கூட வந்த பிள்ளையின் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். "வீட்டுக்குப் போய் அம்மாவுக்குச் சத்தமா படிச்சுக் காட்டு தம்பி"ன்னு சொன்னேன். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடா போற ஒரு அக்கா அதைத் தன் வாட்ஸ்அப் குழுவில் போட்டாங்க. அங்கிருந்துதான் கேள்விகள் வர ஆரம்பிச்சது. அந்தக் கேள்விகள்தான் அடுத்த பதிவுகள்.

எத்தனை பேர் பார்த்தாங்கன்னு இப்போ பார்க்கிறதில்லை. அடுத்த மாசம் எத்தனை பேர் ஊசியை நிறுத்தாம திரும்பி வர்றாங்கன்னு பார்க்கிறேன்.

12/
ஒரு வலைப்பூவால் பொடி வியாபாரம் நின்னுடாது. எனக்கும் தெரியும். அவங்க நூறு பக்கம் போடுவாங்க, நான் ஒண்ணு போடுவேன். ஆனா அந்த ஒண்ணு இல்லாததால் ஒரு அம்மாவுக்கு விரல் போச்சு.

இன்னைக்கு ராத்திரி தூங்கப் போறதுக்கு முன்னாடி, உங்க வேலையில் உங்ககிட்ட அதிகம் கேட்கப்பட்ட ஒரு கேள்வியையும் அதுக்கான பதிலையும் எழுதுங்க. இருநூறு வார்த்தை போதும். எழுதிட்டு அந்தக் கேள்வியைக் கீழே சொல்லுங்க. நான் படிக்கிறேன்.