பனிமலைக்குப் போகலாம், பஸ்சில் போகலாம்!

காலையில் கம்பளிக் கோட்டு. நடுப்பகலில் பனி விளையாட்டு. மாலையில் அருவிச் சாரல். இரவு மீண்டும் விடுதி. மணாலிக்குப் போகும் குடும்பங்களுக்கு ஒரு நாள் இப்படித்தான் கழிகிறது.

மணாலி, இமாசலப் பிரதேசத்தில் இருக்கிறது. அங்கிருந்து 51 கிலோ மீட்டர் தூரத்தில் ரோதங் கணவாய். உயரம் சுமார் 13 ஆயிரம் அடி. மே மாதத்தில் டெல்லி வெயிலில் கொதிக்கும்போதும் அங்கே பனி கிடக்கும். போகிற வழியில் ரஹாலா அருவி. மேலே பனி உருகி, கீழே அருவியாக விழுகிறது. கை வைத்தால் விறைத்துப்போகும்.

பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால், பார்க்கப் போகிறவர்களே அதை அழித்துவிடலாமா?

கறுத்த பனி

வெள்ளைத் துணியைவிடக் கறுப்புத் துணி வெயிலில் அதிகம் சூடேறும். பனியும் அப்படித்தான். கார்ப் புகையில் உள்ள கரி பனிமேல் படிகிறது. பனி கறுக்கிறது. வெயிலை இழுக்கிறது. சீக்கிரம் உருகி ஓடிவிடுகிறது.

பனி போனால் அருவி ஏது? அருவியோடு போவதா? பியாஸ் நதி பிறப்பதும் இந்த மலையில்தான். குலு பள்ளத்தாக்கின் தோட்டங்களும், பஞ்சாபின் வயல்களும் அந்த நதியை நம்பி இருக்கின்றன.

இதனால்தான் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ம் ஆண்டில் ரோதங் செல்லும் சுற்றுலா வண்டிகளுக்கு வரம்பு கட்டியது. பின்னர் அந்த வரம்பு, நாள் ஒன்றுக்குப் பெட்ரோல் வண்டிகள் 800, டீசல் வண்டிகள் 400 என்று ஆனது. இது சரியான காரியம்.

பிழைப்பு என்ன ஆவது?

"எங்கள் வயிற்றில் அடிக்கலாமா?" என்று வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள் கேட்கிறார்கள். குதிரை வைத்துப் பிழைப்பவர்களும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சுற்றுலா நடப்பதோ சில மாதங்கள்தான். அதில்தான் ஆண்டு முழுவதும் அடுப்பு எரிய வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. 2017-ம் ஆண்டிலேயே மணாலிக்கும் ரோதங்குக்கும் இடையே மின்சார பஸ் விடப்பட்டது. ஐந்தாறு கார்களில் போகிறவர்களை ஒரு பஸ் ஏற்றிச் செல்லும். புகையும் இல்லை. அத்தகைய பஸ்களைப் பெருக்க வேண்டும். அவற்றை ஓட்டும் வேலையை உள்ளூர் டிரைவர்களுக்கே முதலில் தர வேண்டும். கட்டணம் குறைந்தால் ஏழைக் குடும்பமும் பனியைப் பார்க்கும்.

இன்னொன்றும் உண்டு. 2020 அக்டோபர் 3-ந் தேதி, 9 கிலோ மீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. அதற்கு முன் பனிக்காலத்தில் மாதக்கணக்கில் தனித்துக் கிடந்த லாகூல் மக்களுக்கு அது பெரிய உதவி. ஆனால், இப்போது சுற்றுலாக் கூட்டம் சுரங்கத்தைத் தாண்டி சிசு அருவிக்கும் போகிறது. புகையும் கூடவே போகிறது. ஆகவே, ஒரு கணவாயை மட்டும் காத்தால் போதாது. மலை முழுவதையும் காக்க வேண்டும்.

இன்று பனி உருண்டை எறிந்து விளையாடும் குழந்தை, நாளை தன் குழந்தையோடு அங்கே வரும். அப்போதும் பனி இருக்க வேண்டும். அதற்காகக் காரை விட்டுவிட்டு பஸ் ஏறுவது பெரிய கஷ்டமா?