பாவு நூலும் பிரேக் ஆயிலும்

மழை நாளில் எங்க ஆரணியில் தெருவில் பாவு விரிக்க மாட்டார்கள். பட்டு நூல் ஈரத்தை இழுக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அதே வாசலில் நிற்கும் பைக்கின் பிரேக் ஆயிலும் ஈரத்தை இழுக்கும் என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான்.

போன வருஷம் அப்பாவின் பைக்கில் ஜமுனாமரத்தூர் போய்விட்டு மலை இறங்கும்போது, முன் பிரேக் லீவர் பஞ்சு மாதிரி ஆகிக் கைப்பிடி வரை வந்துவிட்டது. பின் பிரேக்கும் கியரும்தான் காப்பாற்றின. வண்டி வாங்கி ஐந்து வருஷம். எஞ்சின் ஆயில் தவறாமல் மாற்றினோம். பிரேக் ஆயிலை ஒருமுறைகூட இல்லை.

விஷயம் இதுதான். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த அளவு 155 வரை இறங்கலாம். இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் சூடு ஏறி உள்ளே ஆவிக்குமிழி வரும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால்தான் லீவர் தொளதொளக்கிறது. பொதுவாக இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

"பிரேக்கில் கை வைக்காதே" என்றார் அப்பா. பாதி சரி. முதல் தடவை தெரிந்த மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தேன். லீவரை அழுத்திப் பிடி, நிப்பிளைத் திற, பழசு டியூப் வழியாக வெளியே வரட்டும், நிப்பிளை மூடு, பிறகுதான் லீவரை விடு. மேலே உள்ள டப்பா காலியாகவே கூடாது, காற்று புகுந்துவிடும். ஏபிஎஸ் வண்டியில் அப்படிப் புகுந்தால் வீட்டில் எடுப்பது கஷ்டம். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். எப்போதோ திறந்து வைத்த பாட்டில் வேண்டவே வேண்டாம், அதுவும் ஈரம் குடித்திருக்கும். லீவர் கெட்டியானதைப் பார்க்காமல் தெருவில் இறக்காதீர்கள்.

பி.காம் புத்தியில் கணக்குப் போட்டால், கூலியில் மிச்சமாவது கொஞ்சம்தான். என் கட்சி வேறு. நாமே செய்யக் கற்றால்தான் அப்படி ஒரு வேலை இருப்பதே ஞாபகம் இருக்கும். கைப் பழக்கம் இல்லையா, மெக்கானிக்கிடமே கொடுங்கள், ஆனால் கேட்டு மாற்றுங்கள். சேலை மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு காஞ்சிபுரம் போகிற அண்ணன்களுக்கு இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

உங்கள் வண்டியில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?