பொட்டு வைக்க இடமில்லாத படம்

மூன்றாமாண்டு, இளநிலை வரலாறு

சென்ற தீபாவளி விடுமுறைக்குத் திருப்பூரிலிருந்து வந்திருந்த என் அண்ணன், போனசுப் பணத்தில் வீட்டுக்கு நிலையான பொருள் ஒன்று வாங்கிப் போட வேண்டும் என்று தொடங்கினான். முதலில் அரைப் பவுன் பேச்சு எழுந்தது. விலையைக் கேட்டதும் அதுவாகவே அடங்கிவிட்டது. பிறகு அவன் தன் கைபேசியை நீட்டி ஒரு விளம்பரத்தைக் காட்டினான்.

"டிஜிட்டல் போட்டோ பிரேம். ஆயிரம் படம் ஏத்திக்கலாம். பத்து விநாடிக்கு ஒருதரம் தானா மாறும்."

எதை வாங்குவது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு, காலேஜில் படிக்கிறவன் என்ற ஒரே தகுதியால் என் தலையில் விழுந்தது. தங்கை, கருப்புச் சட்டம்தான் வேண்டும் என்றாள். அதுவரை பேசாமல் வெங்காயம் உரித்துக் கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "அது சரிய்யா, அப்பா படத்துக்குப் பொட்டு எங்க வைக்கிறது?" என்று கேட்டாள்.

எங்கள் மூவரிடமும் அன்று அதற்கு விடையில்லை. ஒரு சிறு பொருளை வாங்குவதைப் பற்றி ஆண்டு மலரில் ஒரு கட்டுரையா என்று பேராசிரியப் பெருமக்கள் நினைக்கக் கூடும். அம்மாவின் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் இதை எழுத நேர்ந்தது. பொறுத்தருள்க.

நண்பர்களே! எங்கள் ஊர் தாயில்பட்டி. வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் பூமி. மழை பொய்த்தால் காடு கைவிடும். காடு கைவிட்டால் பட்டாசு கைகொடுக்கும். நம் வட்டாரத்தின் கதையை நீங்களும் அறிவீர்கள். ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியது 1923-ஆம் ஆண்டு. தீப்பெட்டி வந்ததும் அதன் மேல் ஒட்டப் படச்சீட்டு வேண்டியிருந்தது. சீட்டு அச்சிட வந்த இயந்திரங்கள் பின்னர் நாட்காட்டி அச்சிட்டன. கோவில்பட்டியில் தங்கி வரைந்த ஓவியர் சி. கொண்டையராஜுவும் (1898-1976) அவருடைய மாணாக்கர்களும் தீட்டிய முருகனும் இலக்குமியும் சிவகாசியில் அச்சாகி எத்தனை வீடுகளின் பூசையறைக்குச் சென்றனர்! இந்திய நாட்டின் சுவர்களுக்கெல்லாம் படம் கொடுத்த வட்டாரம் இது. ஆனால் இங்கே உழைப்பவர் வீட்டுச் சுவரில் அவர்களுடைய சொந்த முகம் எத்தனை இருக்கின்றது? பெரும்பாலும் ஒன்று, அதுவும் மாலை போட்டது.

எங்கள் வீட்டிலும் அப்படியே. நான் மூன்றாம் வகுப்பில் இருக்கையில் காலையில் வேலைக்குப் போன என் தந்தையார் மாலையில் திரும்பவில்லை. அவருக்குத் தனிப்படம் என்று ஒன்றும் இருக்கவில்லை. வாக்காளர் அட்டையில் இருந்த கட்டைவிரல் அளவுப் படத்தைப் பெரிதாக்கினார்கள். பெரிதாக்கியதில் முகம் கலங்கிப் போகவே, கடைக்காரர் தம் கைவண்ணத்தால் கண்ணுக்கு மையிட்டுத் தலைக்கு வகிடெடுத்து, கழுத்துக்குக் கீழே நீல நிறத்தில் கோட்டும் டையும் அணிவித்துக் கொடுத்தார். வாழ்நாளில் கோட்டுப் போட்டறியாதவர் என் தந்தையார். "யாரோ ஆபீசர் மாதிரி இருக்காரு" என்று அம்மா இன்றும் சொல்வாள். சொல்லிக்கொண்டே வெள்ளிதோறும் அந்த ஆபீசருக்குப் பொட்டு வைப்பாள்.

இஃது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அன்று. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டனர். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபது பேருக்கு மேல் மாண்டனர். இடையிலும் பின்னும் நடந்தவற்றைக் கணக்கெடுத்தால் மனம் தாங்காது. ஓர் ஊரில் அப்படி ஒன்று நிகழ்ந்ததும் முதலில் உயிர் தேடுகிறார்கள். பிறகு படம் தேடுகிறார்கள். செய்தித்தாளுக்கு ஒரு படம், மனுவில் ஒட்ட ஒரு படம், பிளக்ஸ் தட்டியில் அடிக்க ஒரு படம். ரேஷன் அட்டையையும் ஆதார் அட்டையையும் பெட்டியோடு கவிழ்த்துத் தேடுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இன்று எல்லாருடைய பையிலும் படமெடுக்கும் கருவி இருக்கிறதே, இன்னுமா இந்தப் பஞ்சம் என்று கேட்பீர்கள். நானும் அப்படியே நினைத்து, ஒரு ஞாயிறன்று என் கைபேசி, தங்கையின் கைபேசி, அண்ணன் அனுப்பியவை அனைத்தையும் ஓரிடத்தில் கொட்டி எண்ணினேன். மொத்தம் 4,312 படங்கள். தேர்வு அட்டவணை, பாடக்குறிப்பு, காலை வணக்கம் சொல்லும் ரோஜாப் பூ, நடிகர்கள், அண்ணன் தங்கியிருக்கும் அறையில் வைத்த சாம்பார் என்று பாதிக்கு மேல் போயிற்று. அம்மா இருந்தவை 9. அவற்றுள் ஐந்தில் அடுப்புக்கு எதிரே முதுகு காட்டி நிற்கிறாள். இரண்டில் பாதி முகம். ஒன்றில் கண் மூடியிருக்கிறாள். எஞ்சிய ஒன்று குலதெய்வக் கோயிலில் பத்துப் பேருக்கு நடுவே, வெயிலுக்குக் கையைக் கண்ணுக்கு மேல் குடை பிடித்தபடி.

என் தலை தாழ்ந்தது. அம்மா நாள்தோறும் காலையில் ஆலை வண்டியேறிப் போகிறவள். வாயிலிலேயே கைபேசியை வாங்கி வைத்துவிடுவார்கள். தீப்பொறிக்கு இடமான எதுவும் உள்ளே போகலாகாது. மாலையில் அலுமினியப் பொடி படிந்த கைகளோடு வருகிறவள், எங்கள் கைபேசியை வாங்கி ஒரு படத்தைப் பார்ப்பதற்குள் அடுப்பு கூப்பிட்டுவிடும். தேய்ந்து காய்த்த அவள் விரலைத் தொடுதிரையும் பல நேரம் மதிப்பதில்லை. அண்ணன் அனுப்புகிற படங்களை அவள் பார்ப்பது நாங்கள் காட்டினால்தான்.

ஆகவே, இந்தச் சட்டம் ஆடம்பரம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. பூட்டிக் கிடக்கும் படங்களை, கைவேலையை விடாமல் ஒரு தாய் பார்க்கும்படி கூடத்தில் திறந்து வைக்கிற பொருள் அது. எது ஆடம்பரம் என்றால், தெரியாமல் வாங்குவதே ஆடம்பரம். சிவகாசியிலும் சாத்தூரிலும் கடை கடையாக ஏறி இறங்கியும், இயற்பியல் துறைப் பேராசிரியர் ஒருவரைத் தொல்லைப்படுத்தியும் நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கடைக்காரர்கள் முதலில் பேசுவது அங்குலத்தைப் பற்றி. நான் முதலில் கேட்கச் சொல்வது பார்வைக் கோணத்தைப் பற்றி. நம் வீடுகளில் படத்தை வைப்பது உயரத்தில், அலமாரி மேல். நாம் உட்காருவது தரையில். மலிவான திரைகள் பலவற்றை நேரே பார்த்தால் பளிச்சென்றிருக்கும். கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால் முகம் கறுத்து, நிறம் தலைகீழாகிவிடும். டி.என். வகைத் திரையின் குணம் அது. ஐ.பி.எஸ். வகைத் திரை பக்கவாட்டிலும் கீழிருந்தும் நிறம் மாறாது. இதைப் பெட்டியில் படித்து நம்ப வேண்டியதில்லை. கடையிலேயே சட்டத்தை உயரே வைக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் கீழே குந்திப் பாருங்கள். நான் குந்தினேன். கடைப் பையன் சிரித்தான். சிரிக்கட்டுமே!

அடுத்தது வடிவம். கைபேசி எடுக்கும் படம் வழக்கமாக 4-க்கு 3 என்ற அளவில் அமைகிறது. கடையில் மிகுதியாகக் கிடைக்கும் 10.1 அங்குலச் சட்டமோ 1280-க்கு 800, அதாவது 16-க்கு 10. அதில் நம் படத்தை முழுதாகக் காட்டினால் அகலத்தில் ஆறில் ஒரு பங்கு கறுப்புப் பட்டையாக வீணாகும். பட்டை தெரியாமல் நிரப்பச் சொன்னால் உயரத்தில் ஆறில் ஒரு பங்கை வெட்டும், தலையோ காலோ போகும். கைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படமானால் திரையில் பாதிகூட நிரம்பாது. 8 அங்குலத்தில் 1024-க்கு 768 என்று ஒரு வகை உண்டு. பார்க்கச் சிறிதெனினும் நம் படத்தின் வடிவம் அதுவே. அங்குலத்துக்கு 160 புள்ளி வருவதால் பெரியதைவிட நுணுக்கமாகவும் இருக்கிறது. 'உங்க கேமரா எத்தனை மெகாபிக்சல்?' என்று கேட்டுப் பெரியதை விற்கப் பார்ப்பவரிடம் மயங்க வேண்டா. ஒரு கோடியே இருபது இலட்சம் புள்ளியுள்ள படமானாலும் 1280-க்கு 800 திரை காட்டுவது சுமார் பத்து இலட்சம் புள்ளியைத்தான்.

மின்செலவைப் பற்றி அம்மா கவலைப்பட்டாள். 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் மிகுந்தால் 10 வாட். நாளுக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 5 யூனிட்டுக்குள் அடங்கும். தானே அணைந்து தானே எரியும் நேர அமைப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். ரிமோட் அல்லது பொத்தான் உள்ளதாக இருக்கட்டும். காய்த்த விரல்களுக்கு அதுவே ஏற்றது.

இனித்தான் உண்மையான வழக்கு. இணையத்தோடு இணையும் சட்டம் ஒன்று. நினைவக அட்டையிலோ பென்டிரைவிலோ படத்தை ஏற்றிச் செருகும் சட்டம் மற்றொன்று. முன்னதன் மேல் அண்ணனுக்கு ஆசை. திருப்பூரில் இருந்தபடியே அவன் ஒரு படம் அனுப்பினால் தாயில்பட்டிக் கூடத்தில் அது மலரும்! எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் இந்த வகைகள் பலவற்றில் படம் நம் வீட்டுக்கு வருமுன் விற்ற நிறுவனத்தின் கணினிக்குப் போய்த் தங்குகிறது. அங்கே இடம் தருவதும் தராததும் அவர்கள் விருப்பம். 2025-இல் ஓர் அயல்நாட்டு நிறுவனம் தான் இலவசமாகக் கொடுத்துவந்த இடத்தைத் திடீரெனச் சுருக்கி, மிகுதிக்குச் சந்தா கேட்டது. காசு கொடுத்து வாங்கிய சட்டத்தில் சொந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க ஆண்டுதோறும் வாடகையா? தவிரவும் எங்கள் வீட்டில் வைஃபை இல்லை. நான் கல்லூரிக்குக் கிளம்பினால் என் கைபேசியோடு இணையமும் கிளம்பிவிடும். எனவே என் முடிவு இது: இணைய வசதி இருக்கலாம், ஆனால் இணையமே இல்லாமல், சந்தாவே இல்லாமல், ஓர் அட்டையைச் செருகிய மாத்திரத்தில் படம் காட்டாத எந்தச் சட்டத்தையும் வாங்கக் கூடாது. 32 ஜி.பி. அட்டை ஒன்றில், படம் 3 எம்.பி. வீதம் வைத்தாலும் பத்தாயிரம் படம் அடங்கும். பத்தாயிரம் நல்ல படம் எந்த வீட்டில் இருக்கிறது?

இன்னொன்று. வாட்சப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித்தான் வந்து சேர்கிறது. நீளப் பக்கத்தில் 1600 புள்ளி மிஞ்சினால், எட்டங்குலத் திரைக்கு அது தாராளம். தாளில் நேர்த்தியாக அச்சிட்டால் ஐந்தேகால் அங்குலத்துக்கு மேல் தாங்காது. நாளைக்குப் பெரிதாக்க நேர்ந்தால் மறுபடி கோட்டும் டையும்தான்! முக்கியமான படங்களை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பும்படி அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.

சரி, பொட்டுக்கு என்ன விடை? எவ்வளவு யோசித்தும் ஒன்றுதான் தோன்றியது. அப்பாவின் படம் அதில் ஏறலாகாது. மின்சாரம் போனால் மறைகிற இடத்திலும், பத்து விநாடிக்குப் பிறகு அடுத்தவருக்கு வழிவிட வேண்டிய வரிசையிலும் அவரை நிறுத்துவது எங்களுக்கு ஒப்பவில்லை. பின்னொளி 30,000 மணி நேரம் உழைக்கும் என்று வைத்துக்கொண்டாலும் நாளுக்கு எட்டு மணியானால் பத்தாண்டில் தீரும். அந்தப் பழைய படம் இப்போதே பன்னிரண்டு ஆண்டைத் தாண்டிவிட்டது. கண்ணாடி ஒருமுறை மாற்றியதோடு சரி. இறந்தவர்க்குத் தாளும் கண்ணாடியும், இருப்பவர்க்கு அந்த மின்சட்டம் என்று பிரித்துக்கொண்டோம். வேறு வீட்டார் வேறு விதமாக நினைக்கலாம். இந்தத் திரையை மட்டும் நம்பித் தாளில் ஒரு படமும் போடாமல் இருந்துவிடாதீர்கள் என்பதை மட்டும் நான் எல்லார்க்கும் சொல்வேன். அச்சுக்குப் பேர்போன ஊர்ப்பக்கம் இருந்துகொண்டு வீட்டாரின் படம் ஒன்றை அச்சிடாமல் இருப்பது நமக்கு அழகன்று.

பொங்கலுக்கு அண்ணன் எட்டங்குலச் சட்டம் வாங்கி வந்துவிட்டான். தங்கை கேட்ட கருப்பு கிடைக்கவில்லை, மரநிறம். அதில் ஏற்ற 4,312-இலிருந்து நாங்கள் பொறுக்கியது 60 படம்.

அதற்கு முந்தைய ஞாயிறு அம்மாவைச் சாத்தூருக்கு அழைத்துப் போனேன். எதற்கென்று பேருந்தில் சொன்னேன். முதலில், "எனக்கெதுக்குய்யா" என்றாள். பிறகு வெகுநேரம் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் இப்போது தனியாக ஒரு படம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. ஸ்டூடியோவில் விளக்கைப் போட்ட அண்ணாச்சி, "ஆதாருக்காம்மா, பாஸ்போர்ட்டுக்கா?" என்று கேட்டார்.

அம்மா முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, "வீட்டுக்கு" என்றாள்.