நான்கு மணி நேரத் தொலைவு

 

பொருநைக் கரையிலுள்ள நம் முஹல்லாக்களில் ஒரு பெரியவர் மௌத்தானால், கபன் துணி வந்து சேருமுன்பே ஒரு குரல் எழும்: "துபாயிலிருக்கும் மகன் வரட்டும், விமானத்தில் நான்கு மணி நேரந்தானே!" அந்தச் சொல்லைப் பற்றியே இம்மாதம் உங்களுடன் பேச விரும்புகிறேன்.

கணக்கு பொய்யன்று. துபாய், திருவனந்தபுரம் ஆகிய இரு விமான நிலையங்களுக்கிடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். அதைக் கடக்க ஏறத்தாழ நான்கு மணி நேரம் போதும். ஆனால் மகன் விமான நிலையத்தில் குடியிருக்கவில்லை. வாப்பாவின் ஜனாஸாவும் விமான நிலையத்தில் இல்லை. தங்குமிடத்திலிருந்து புறப்பட ஒரு மணி. மூன்று மணி முன்னதாக நிலையத்தில் காத்திருப்பு. பறக்க நான்கு மணி. இறங்கிய பின் சோதனைகளுக்கு ஒரு மணி. அங்கிருந்து நாகர்கோவில் வழியாக நெல்லைக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர், அதற்கு நான்கு மணி. ஆகப் பதின்மூன்று மணி நேரம்! அதுவும் விடுப்பும் பயணச்சீட்டும் கைக்கு வந்த பிறகுதான்.

கடிகாரமும் நம்மை மயக்கும். பயணச்சீட்டில் அந்தந்த ஊர் நேரமே அச்சிடப்படும். துபாய் நேரம் நம் நேரத்துக்கு ஒன்றரை மணி பின்தங்கியது. "இரவு 10 மணிக்கு விமானம்" என்று மகன் சொன்னால், நமக்கு அது 11.30 என்பதை வீட்டார் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஜனாஸாவை விரைந்து அடக்கம் செய்யுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள். உரியவர் சற்று நேரத்தில் வந்துவிடுவார், உடலுக்கு மாற்றம் நேராது என்றால் காத்திருக்கலாம் என்று ஷாஃபிஈ அறிஞர்கள் கூறுவர். பயணச்சீட்டே கிடைக்காத மகனுக்காக இரவும் பகலும் குளிர்பெட்டியில் வைத்திருப்பது அதில் அடங்குமா? சிந்தியுங்கள். அபிசீனிய மன்னர் நஜாஷி மறைந்தபோது, மதீனாவிலிருந்தவாறே நபி (ஸல்) அவர்கள் தோழர்களை அணிவகுக்கச் செய்து தொழுதார்கள். இதனை ஆதாரமாகக் கொண்டு, வெளியூரில் இறந்தவருக்காகத் தொழுவதை ஷாஃபிஈ மத்ஹப் அனுமதிக்கிறது. ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றும் பிள்ளைக்கோ துஆவும் தர்மமும் இருக்கவே இருக்கின்றன. கடல் கடந்திருக்கும் மகனுக்கு வழி அடைபட்டுவிடவில்லை.

இனி, பிள்ளைகளுக்கு ஒரு சொல். மௌத்தான அன்று நான்கு மணி நேரமாயிருந்த தொலைவு, அதற்கு முந்தைய ஆண்டும் நான்கு மணி நேரமாகத்தானே இருந்தது! விடுப்போ வசதியோ இல்லாத பிள்ளைகளை நான் குறை கூறவில்லை. மச்சான் கல்யாணத்துக்கென்றும் புதுவீடு புகுவதற்கென்றும் விடுப்பைச் சேர்த்துவைத்து, திண்ணையில் அமர்ந்து தெருமுனையையே நோக்கியிருக்கும் வாப்பாவுக்கென்று ஒரு வாரம் ஒதுக்காதவர்களிடமே கேட்கிறேன். வீட்டாரும், "இப்போது வரவேண்டாம், அந்தப் பணத்தை அனுப்பு" என்று சொல்லித் தடுக்கலாகாது.

மய்யித்தின் முகம் பார்க்க ஓடிவருவதினும், சிரிக்கும் முகம் பார்க்க வருவதே மேல். பெற்றோர் உயிருடனிருக்கும்போதே அவர்களின் துஆவைப் பெறும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு அருள்வானாக! ஆமீன்.