‘டைரக்ட்’ கொடுத்த சுவிட்ச்

மழை பிடித்துவிட்டால் பைக் பட்டறைகளுக்கு வழக்கமாக வந்துசேரும் புகார் ஒன்று உண்டு: செல்ஃப் அடித்தால் சத்தமே இல்லை, அல்லது கியர் போட்டதும் இன்ஜின் நின்றுவிடுகிறது. பல நேரம் கோளாறு சைடு ஸ்டாண்டு சுவிட்சிலோ, கிளட்ச் லீவரின் அடியில் இருக்கும் விரல்நுனி அளவு சுவிட்சிலோதான் இருக்கும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல், இரண்டு ஒயரை முறுக்கி, டேப் சுற்றி ‘டைரக்ட்’ கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஐந்து நிமிடத்தில் வண்டி கிளம்பிவிடும். ஆனால் அப்படிக் கிளம்பும் வண்டி, அந்த சுவிட்சே இல்லாமல் வந்த பழைய வண்டியைவிட ஆபத்தானது.

சுவிட்சின் வேலை எளிமையானது. வண்டி நியூட்ரலில் இருந்தாலோ, கிளட்ச் பிடித்திருந்தாலோ மட்டும்தான் ஸ்டார்ட்டர் ரிலேவுக்கு மின்சாரம் போகும். ஸ்டாண்டு இறங்கியிருக்கும்போது கியர் போட்டால் இன்ஜின் அணைந்துவிடும். இந்தக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டு, சரிவில் உருளாமலிருக்க ஃபர்ஸ்ட் கியரில் நிறுத்திய வண்டியில் பட்டனை அழுத்தினால் என்ன ஆகும்? ஸ்டார்ட்டர் மோட்டாரின் விசையே வண்டியை முன்னால் தள்ளப் போதும். எரிபொருளைப் பீய்ச்சும் இன்றைய இன்ஜின்கள் ஓரிரு சுற்றிலேயே உயிர்பெற்றுவிடும். பக்கத்தில் நின்றபடி, சாவியைத் திருப்பி, ஒரு கையால் செல்ஃபைத் தட்டும் பழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது! வண்டி பாய்ந்தால் பிடிக்க மறுகை ஹேண்டிலில்கூட இருக்காது.

ஸ்டாண்டு விஷயம் இன்னும் கொடியது. நேர்ச்சாலையில் இறங்கிய ஸ்டாண்டு ஒன்றும் செய்யாது. அதனால் ஓட்டுபவருக்கு அது தெரியவே தெரியாது. இடப்பக்கம் திரும்பும்போது வண்டி சாயும். ஸ்டாண்டின் நுனி தாரில் ஊன்றும். பின்சக்கரம் தரையிலிருந்து எழும்பும். அந்த நொடியில் பிரேக்கும் உதவாது, அனுபவமும் உதவாது. சாலையின் இடப்புறம் ஓட்டும் நாட்டில் இடது திருப்பம்தான் குறுகலானது, வண்டி அதிகம் சாய்வதும் அங்கேதான்.

“அந்தக் காலத்து வண்டிகளில் இதெல்லாம் ஏது? நாங்கள் ஓட்டவில்லையா?” என்று கேட்பவர்கள் உண்டு. ஓட்டினார்கள், உண்மைதான். கிளம்பும் முன் காலால் ஸ்டாண்டைத் தட்டிப் பார்க்கும் பழக்கமும் அவர்களுக்கு இருந்தது, எதிரே வருபவர் “ஸ்டாண்டு! ஸ்டாண்டு!” என்று கத்துவதும் இருந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்த காலத்திலிருந்து பல சாதாரண வண்டிகளிலும் இந்த வசதி இருக்கிறது. அதில் ஓட்டப் பழகியவர், மறந்தால் வண்டியே நினைவூட்டும் என்று நம்புகிறார். சுவிட்சை டைரக்ட் ஆக்கும்போது அந்த நம்பிக்கை அப்படியே இருக்கிறது, அதைத் தாங்கிய பொருள் மட்டும் போய்விடுகிறது. பல வண்டிகளில் மீட்டரில் எரியும் ஸ்டாண்டு விளக்கும் இதே சுவிட்சைத்தான் கேட்டு எரிகிறது. ஒயரைச் சேர்த்துவிட்டால், ஸ்டாண்டு தரையை உரசும்போதும் அது மடங்கியிருப்பதாகவே விளக்கு காட்டும்.

நெடுஞ்சாலையில் போகும்போது பழுதான சுவிட்ச் இன்ஜினை அணைத்துவிட்டால் அதுவும் ஆபத்துதானே என்ற கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. பின்னால் லாரி வரும்போது வண்டி நின்றால் உயிர்போகும். ஆனால் அது சுவிட்சைச் சரிசெய்வதற்கான காரணம், அறுப்பதற்கான காரணம் அல்ல. கப்ளரில் ஏறிய சேற்றையும் பச்சைக் களிம்பையும் துடைத்து, ஸ்டாண்டு மூட்டுக்குக் கிரீஸ் வைத்தாலே சரியாகிவிடும் வண்டிகள் நிறைய. மாற்ற வேண்டியிருந்தாலும் அன்றாட வண்டிகளுக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். இரவில், நடுவழியில், வீடு சேர டைரக்ட் கொடுப்பதை நான் குறை சொல்லமாட்டேன். மறுநாளும் அப்படியே ஓடவிடுவதைத்தான் சொல்கிறேன். மெக்கானிக் அதைப் பில்லில் எழுதித்தர வேண்டும், ஏனென்றால் அந்த வண்டியை நாளை ஓட்டப்போவது கல்லூரிக்குப் போகும் மகளாக இருக்கலாம், பழைய வண்டி வாங்கும் முன்பின் தெரியாத ஒருவராகவும் இருக்கலாம். டேப் சுற்றிய ஒயரை அவர்கள் பார்க்கப் போவதில்லை. புகைச் சோதனையிலும் அது தெரியாது.

பழைய வண்டி வாங்குபவர் செய்யக்கூடிய சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, சைடு ஸ்டாண்டை இறக்கி, கிளட்சைப் பிடித்தபடி ஃபர்ஸ்ட் கியர் போடுங்கள். ஸ்டாண்டு சுவிட்ச் உள்ள வண்டியில் இன்ஜின் உடனே அணைய வேண்டும். அணையவில்லை என்றால், விலை பேசுவதற்கு முன் அந்த ஒயரைப் பிரித்துக்காட்டச் சொல்லுங்கள்.